பத்தில் ஒருவர்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

வருஷா வருஷம் அக்டோபர் 10 உலக மனநல தினம். அன்னைக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டா ஸ்டோரி எல்லாத்துலயும் ஒரு வரி கண்டிப்பா வரும்: "இந்தியாவில் பத்தில் ஒருவருக்கு மனநலப் பிரச்சனை." கூடவே ஒரு பச்சை ரிப்பன் படம். நாமும் ஒரு ஹார்ட் போட்டுவிட்டு அடுத்த ஸ்டோரிக்குப் போய்விடுவோம்.

எனக்கு அந்த வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பெரிய சமூக அக்கறை என்றெல்லாம் நினைக்க வேண்டாம், நான் படிக்கிற டிபார்ட்மென்ட் அப்படி. இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கிறவனிடம் ஒரு ரீடிங்கைச் சொன்னால், "எதை வெச்சு அளந்தீங்க?" என்றுதான் முதலில் கேட்பான். எங்கள் லேபில் ஒரு தெர்மோகப்பிளைக் காலிபரேட் செய்யாமல் ரீடிங் எடுத்தால் ரெக்கார்டில் கையெழுத்தே விழாது. ஒரு பாத்திரம் தண்ணீரின் சூட்டை அளக்கவே இவ்வளவு கெடுபிடி என்றால், 140 கோடி பேரின் மனசை யார் அளந்தார்கள்? எந்தக் கருவியால் அளந்தார்கள்? அதில் ஜீரோ எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியோடு தேடப் போனதில் படித்ததையும், ஊரிலும் ஹாஸ்டலிலும் பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பானை சோறு

அந்த "பத்தில் ஒருவர்" காற்றில் வந்தது இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக 2015-16ல் நடத்திய தேசிய மனநல சர்வேயில் இருந்து வந்தது. முதலில் கர்நாடகாவின் கோலார் மாவட்டத்தில் ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தார்கள். அப்புறம் 12 மாநிலங்கள். அதில் தமிழ்நாடும் கேரளாவும் உண்டு, பஞ்சாப், அஸ்ஸாம், மணிப்பூரும் உண்டு. பயிற்சி கொடுக்கப்பட்ட களப்பணியாளர்கள் கையில் டேப்லெட்டோடு வீடு வீடாகப் போனார்கள். மொத்தம் 39,532 பேர், அதில் 18 வயதைத் தாண்டியவர்கள் 34,802 பேர்.

"140 கோடி பேர் இருக்கிற நாட்டுல 39 ஆயிரம் பேர்கிட்ட கேட்டா போதுமா?" என்று தோன்றும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டில் சொல்வதுதான் சாம்ப்ளிங் தியரி. அரிசி வெந்ததா என்று பார்க்கப் பானையையே யாரும் சாப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தப் பழமொழியில் சொல்லாத ஒரு நிபந்தனை இருக்கிறது. பானை முழுக்க ஒரே தீயில் வெந்திருக்க வேண்டும். இந்தியா அப்படி வேகிற பானை இல்லை. சென்னையில் ஒரு தீ, ஜார்க்கண்ட் மலைக்கிராமத்தில் வேறு தீ. அதனால் நாட்டை மாநிலமாக, மாநிலத்தை மாவட்டமாக, பிறகு கிராமம், சிறு நகரம், மெட்ரோ என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் சீட்டுக் குலுக்குவதுபோல் இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே பானையில் பல இடத்தில் கரண்டி விட்டுப் பார்க்கிற வேலை.

முடிவாக வந்த எண்: வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்தச் சமயத்தில் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. வாழ்க்கையில் எப்போதாவது இருந்தது என்று பார்த்தால் 13.7 சதவீதம். மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசமும் பெரியது: அஸ்ஸாமில் 5.8, மணிப்பூரில் 14.1.

நாம் ஸ்டேட்டஸில் பார்ப்பது அந்த 10.6 தான். ஆனால் அதற்குள் என்னென்ன அடங்கும் என்று யாரும் சொல்வதில்லை. மதுப்பழக்கம் முற்றிக் கோளாறாக மாறியது அதில் அடங்கும். புகையிலைக்கு அடிமையானது அடங்காது. அதை மட்டும் தனியாகக் கணக்கிட்டால் 20.9 சதவீதம். அதையும் உள்ளே போட்டிருந்தால் "ஐந்தில் ஒருவருக்கு மேல்" என்று ஸ்டேட்டஸ் வைத்திருப்போம். நாட்டில் ஒரு மனுஷனும் மாறியிருக்க மாட்டார், கோடு போட்ட இடம்தான் மாறியிருக்கும்.

இன்னொரு எண்ணும் சுற்றுகிறது, "ஏழில் ஒருவர்". அது குளோபல் பர்டன் ஆஃப் டிசீஸ் என்ற உலகளாவிய கணக்கீட்டின் இந்தியப் பகுதி. 2017ஆம் ஆண்டுக்கான கணக்கு, 2020ல் வெளியானது. அதன்படி 19.7 கோடி இந்தியர்களுக்கு மனநலக் கோளாறு. நிம்ஹான்ஸ் சொன்னதோ சுமார் 15 கோடி பேருக்கு சிகிச்சை தேவை என்று. அப்போ எது பொய்? இரண்டும் இல்லை. ஒன்று வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டது. இன்னொன்று ஏற்கனவே வந்த பல ஆய்வுகளை எடுத்து மாடல் போட்டது. அந்தக் கணக்கில் குழந்தைகளும் உண்டு, அறிவு வளர்ச்சிக் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு, ஆனால் குடிப்பழக்கம் வேறு தலைப்பில் போய்விட்டது. ஒருவர் இன்ச் டேப்பில் அளந்தார், இன்னொருவர் மீட்டரில் அளந்தார், நாம் யூனிட்டை விட்டுவிட்டு எண்ணை மட்டும் ஃபார்வர்ட் பண்ணுகிறோம்.

மினியும் ஒன்பது கேள்வியும்

சரி, கருவி எது? மனசுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. கேள்விகள்தான் கருவி. நிம்ஹான்ஸ் பயன்படுத்தியதன் பெயர் மினி. ஷீஹன் என்ற அமெரிக்கரும் லெக்ரூபியே என்ற பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து உருவாக்கிய நேர்காணல் முறை. எதிரில் ஒருவர் உட்கார்ந்து, வரிசையாக, ஆமாம் இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேட்பார். ஒரு பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறும். நாம் எழுதுகிற இஃப்-எல்ஸ் மாதிரிதான். கடைசியில் நோயாகக் கருதலாமா கூடாதா என்று வந்து நிற்கும்.

இதை விடச் சுலபமான கருவியும் இருக்கிறது. பி.எச்.க்யூ-9 என்று பெயர், 2001ல் வெளியானது. ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் எவ்வளவு அடிக்கடி இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் டிப்ரெஷன் இருக்கலாம் என்று பார்க்கச் சொல்வார்கள். கூகுள் ஃபார்மில் போட்டால் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். அதனால்தான் காலேஜ் மாணவர்களிடம் எடுக்கிற நிறைய சர்வேக்களில் இந்த ரகக் கேள்வித்தாள் வருகிறது. "மாணவர்களில் மூன்றில் ஒருவருக்கு டிப்ரெஷன்" மாதிரியான தலைப்புச் செய்திகள் பல நேரம் இங்கிருந்துதான் பிறக்கின்றன.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம், நான்காவது செமஸ்டர் பிராபபிலிட்டி போதும். பி.எச்.க்யூ-9 வெளியான கட்டுரையிலேயே, 10 என்ற கோட்டில் அதன் சென்சிட்டிவிட்டி 88 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டியும் 88 சதவீதம். அதாவது நோய் இருப்பவர்களில் 100க்கு 88 பேரைப் பிடிக்கும். இல்லாதவர்களில் 100க்கு 88 பேரைச் சரியாக விட்டுவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது தெருவில் போகிற 1000 பேரை நிறுத்திக் கொடுப்போம். நிம்ஹான்ஸ் கணக்குப்படி அந்தச் சமயத்தில் டிப்ரெஷன் இருப்பவர்கள் சுமார் 2.7 சதவீதம், ஆக 27 பேர். அதில் 24 பேரை இது பிடித்துவிடும். மீதி 973 பேருக்கு டிப்ரெஷன் இல்லை. ஆனால் அவர்களில் 12 சதவீதம், அதாவது சுமார் 117 பேர், தவறாக மாட்டுவார்கள். மொத்தம் 141. உண்மையில் இருந்தது 27, நாம் அறிவிப்பது 141. ஐந்து மடங்கு!

அந்த 117 பேர் பொய் சொல்லவில்லை. தூக்கம் போயிருக்கும், பரீட்சை நெருங்கியிருக்கும், வீட்டில் கடன் பிரச்சனை இருக்கும். அவர்கள் கஷ்டம் நிஜம், அதற்குப் பெயர் மட்டும் டிப்ரெஷன் இல்லை. ஸ்க்ரீனிங் கருவியின் வேலை "இவரை ஒரு டாக்டர் ஒருமுறை பார்க்கட்டும்" என்று கை காட்டுவது மட்டும்தான். அதை வைத்தே நாட்டுக்குத் தீர்ப்பு எழுதினால், ஸ்மோக் டிடெக்டர் கத்திய எண்ணிக்கையை வைத்து எத்தனை வீடு எரிந்தது என்று சொல்வது மாதிரி.

அம்மாயியிடம் கேட்டேன்

கருவியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, மொழி.

டிப்ரெஷனுக்குத் தமிழில் என்ன? நியூஸ் சேனல்களில் "மன அழுத்தம்" என்பார்கள். ஸ்ட்ரெஸ்ஸுக்கு? அதற்கும் "மன அழுத்தம்" தான். மனச்சோர்வு என்று ஒரு நல்ல சொல் இருந்தும், பேச்சில் யாரும் அதைப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. நாளைக்கு ரிவ்யூ இருக்கிறதே என்ற பதற்றமும், ஆறு மாதமாகப் படுக்கையை விட்டு எழ முடியாத நிலையும் ஒரே வார்த்தைக்குள் போய்விடுகின்றன. எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கு "ஐ ஆம் லோ" என்று சொல்வது சுலபம். அதே விஷயத்தை அம்மாவிடம் தமிழில் சொல்ல எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாது.

போன செமஸ்டர் லீவில் கோபி பக்கத்தில் எங்கள் அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாயி என்றால் அம்மாவின் அம்மா. ஒரு மத்தியானம் திண்ணையில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது, அந்த ஒன்பது கேள்விகளில் ரெண்டை என் தமிழில் கேட்டுப் பார்த்தேன்.

"அம்மாயி, ரெண்டு வாரமா செய்யற வேலைல ஒரு சந்தோஷமே இல்லாத மாதிரி இருந்துச்சுங்களா?"

"வேலைன்னா செஞ்சுதான கண்ணு ஆகோணும். அதுல என்ன சந்தோசம் இருக்குது?"

"சரி, தூக்கம் நல்லா வருதுங்களா?"

"உங்கப்பிச்சி போனதுல இருந்து எங்க சாமி தூக்கம்?"

அப்பிச்சி இறந்து ஏழு வருஷம் ஆகிறது. கருவி கேட்பது இரண்டு வாரம், அம்மாயி சொல்வது ஏழு வருஷம். ஃபார்மில் அதற்குக் கட்டம் கிடையாது. முதல் கேள்விக்கோ, கேள்வியின் அடிப்படையையே அவர் ஏற்கவில்லை. வேலையில் சந்தோஷம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து வளர்ந்தவர்களுக்குத்தான் அது இல்லாமல் போனது ஒரு அறிகுறி. இந்தப் பதிலுக்கு 0 போடுவதா, 3 போடுவதா?

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். கை கால் கொடச்சல்னு சொன்னேன். ஊசி போட்டு உட்டாரு."

பிறகு அம்மாயியே சொன்னார், "ஒண்டியா இருந்தா ரோசனை நிக்க மாட்டீங்குது. ஓடிக்கிட்டே இருக்குது."

இந்த ரோசனை (யோசனை) என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது ஜிம்பாப்வே. மனநல மருத்துவர் விக்ரம் படேல் 1990களில் அங்கே ஹராரேயில் வேலை பார்த்தார். மேல்நாட்டுக் கேள்வித்தாளை அப்படியே மொழிபெயர்க்காமல், நோயாளிகளிடமும் நாட்டு வைத்தியர்களிடமும் அவர் குழு பேசியது. அங்கே ஷோனா மொழியில் ஜனங்கள் சொன்ன வார்த்தை "குஃபுங்கிசிசா". அளவுக்கு மீறி யோசிப்பது என்று அர்த்தம். அந்த மாதிரி உள்ளூர்ப் பேச்சிலிருந்தே 14 கேள்விகள் கொண்ட ஒரு கருவியைச் செய்தார்கள். பின்னாளில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் ஆரம்பித்த "ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச்" திட்டத்தில் அந்த 14 கேள்விகளைக் கேட்பவர்கள் யார் தெரியுமா? பாட்டிகள். ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு மரப்பெஞ்சில் உட்கார்ந்து, பயிற்சி பெற்ற பாட்டிகள் பேச்சுக் கொடுக்கிறார்கள். இது வேலை செய்கிறதா என்று முறைப்படி சோதித்தும் பார்த்தார்கள். அறிகுறிகள் உண்மையிலேயே குறைந்தன என்று 2016ல் கட்டுரை வந்தது.

"ரொம்ப யோசிக்காத" என்று நம் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் எத்தனை பேரிடம் சொல்கிறார்கள்! நம்மிடமும் வார்த்தை இருக்கிறது. கேட்கிற ஃபார்மில்தான் அது இல்லை.

கதவைத் திறப்பது யார்?

கருவி சரி, மொழியும் சரி என்றே வைத்துக்கொள்வோம். பதில் சொல்கிறவர் உண்மையைச் சொல்ல வேண்டுமே?

நிம்ஹான்ஸ் சர்வேயில் ஆண்களில் 13.9 சதவீதம், பெண்களில் 7.5 சதவீதம் பேருக்குக் கோளாறு இருந்தது. பெண்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று இதைப் படிக்க முடியாது. குடிப்பழக்கக் கோளாறு பெரும்பாலும் ஆண்களிடம் இருப்பதால் அந்தக் கூட்டுத்தொகை ஏறுகிறது. டிப்ரெஷனைத் தனியாகப் பார்த்தால் பெண்கள் பக்கம்தான் கொஞ்சம் அதிகம். அதுவும் முழுசா வெளியே வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஒரு வீட்டுத் திண்ணையில் மாமியார் உட்கார்ந்திருக்க, உள்ளே குழந்தை அழ, முன்பின் தெரியாத ஒருவர் டேப்லெட்டை வைத்துக்கொண்டு "வாழவே வேண்டாம்னு தோணுச்சா?" என்று கேட்டால், அந்த வீட்டு மருமகள் என்ன சொல்வார்? தனியாகப் பேச வேண்டும் என்று எந்த சர்வேயும் விதி வைத்திருக்கும். நம் வீடுகளில் தனியாக என்று ஓர் இடம் இருக்க வேண்டுமே.

இதே கதை எங்கள் காலேஜிலும் நடந்தது. போன வருஷம் மாணவர் நலன் என்று ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் முதல் கட்டமே ரெஜிஸ்டர் நம்பர், அடுத்தது மென்டர் பெயர். கட்டாயம் நிரப்ப வேண்டும், இல்லையென்றால் அடுத்த பக்கம் போகாது. அதற்குப் பிறகுதான் தூக்கம் வருகிறதா, நம்பிக்கை இருக்கிறதா என்ற கேள்விகள்.

எங்கள் ஹாஸ்டலில் பக்கத்து ரூம் நண்பன் ஒருவன். இதை அவனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். மூன்று வாரமாக அவன் மெஸ்ஸுக்கு வருவதே அபூர்வம். விடியற்காலை நாலு மணிக்கும் அவன் ரூமில் லைட் எரியும். அந்த ஃபார்மை இரண்டே நிமிஷத்தில் முடித்தான், எல்லாவற்றுக்கும் 0. ஏன்டா என்றதற்கு அவன் சொன்னது:

"ரெஜிஸ்டர் நம்பர் கேக்கறாங்கடா. நாளைக்கு மென்டர் அப்பாவுக்கு போன் போட்டா? பிளேஸ்மென்ட் லிஸ்ட்ல இருந்து பேரத் தூக்கிட்டா? நீ பதில் சொல்வியா?"

என்னிடம் பதில் இல்லை. அவன் பயந்தது நடக்குமா நடக்காதா என்பது வேறு விஷயம். நடக்காது என்று அந்த ஃபார்மில் ஒரு வரிகூட இல்லை. கிளாஸில் முக்கால்வாசிப் பேர் அதே மாதிரிதான் நிரப்பினார்கள். சில வாரம் கழித்து ஒரு மீட்டிங்கில், மாணவர்களின் மனநலம் திருப்திகரமாக இருக்கிறது என்று ஸ்லைடு போட்டார்கள். இந்நேரம் அது ஏதாவது ஒரு அக்ரடிடேஷன் ஃபைலில் பத்திரமாக இருக்கும்.

அளக்கிற செயலே அளக்கப்படுவதை மாற்றிவிடும் என்று எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தார்கள். வோல்ட்மீட்டரை இணைத்தால் அதுவே கொஞ்சம் கரன்ட்டை இழுக்கும், அதற்குப் பெயர் லோடிங் எஃபெக்ட். கேட்பவர் கையில் நம்மைத் தண்டிக்கிற அதிகாரம் இருந்தால், மனசை அளக்கும்போதும் அதேதான் நடக்கும்.

பிறகு ஒரு சீனியர் அக்கா பேசி, அவனை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு ஓ.பி.க்குக் கூட்டிப் போனார். சீட்டு வாங்கி, இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்தான். மருந்தும் கவுன்சிலிங்கும் நடக்கிறது. இப்போது மெஸ்ஸில் சப்பாத்தி சரியில்லை என்று சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டான். ஆனால் காலேஜின் டேட்டாவில் அவன் இன்னும் 0 தான்.

நாட்டின் கணக்கிலும் எங்களுக்குச் சரியான இடம் இல்லை. வீடு வீடாகப் போகிற சர்வே என்றால் அது வீடுகளைத்தான் தட்டும். ஹாஸ்டல், ஜெயில், காப்பகம், பிளாட்பாரம் எல்லாம் பொதுவாக அந்த வலைக்கு வெளியே நின்றுவிடும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர் என்று இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில்தான் எனக்குப் படிப்பது நின்றுபோகும். இறந்தவர்களைக் கடைசி நபர் வரைக்கும் எண்ண ஒரு ஏற்பாடு இருக்கிறது. உயிரோடு, லைட்டைப் போட்டுக்கொண்டு, நாலு மணி வரை விழித்திருப்பவர்களை எண்ண ஏற்பாடு இல்லை. மாணவர்களின் மனநலத்தைப் பார்க்க 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு தேசிய பணிக்குழு அமைத்தது. அவர்கள் மாணவர்களிடமே நேரடியாகக் கருத்துக் கேட்டார்கள். இது ஒரு நல்ல ஆரம்பம்.

சென்சார் மட்டும் போதுமா?

இவ்வளவு குறை சொல்கிறாயே, அப்போ இந்த சர்வேயே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். எனக்கு அந்த அறிக்கையில் மிக முக்கியமாகப் பட்டது 10.6 இல்லை, அதற்குப் பக்கத்தில் இருக்கிற இன்னொரு எண். டிப்ரெஷன், பதற்றம் மாதிரி பரவலான கோளாறு இருப்பவர்களில் 85 சதவீதம் பேர் சிகிச்சையில் இல்லை. தீவிரமான மனநோய் இருப்பவர்களிலும் 73.6 சதவீதம் பேர் சிகிச்சையில் இல்லை. முதல் எண்ணில் ஒன்றிரண்டு சதவீதம் முன்னே பின்னே இருந்தாலும் இந்த ஓட்டை மூடாது. அந்த சர்வே நடந்தபோது ஒரு லட்சம் பேருக்கு இருந்த மனநல மருத்துவர்கள் மத்தியப் பிரதேசத்தில் 0.05, கேரளாவில் 1.2. பார்த்த மாநிலங்களில் ஒன்றைத் தொட்டது கேரளா மட்டும்தான்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு இது தெரிந்த படம்தான். சென்சார் ரீடிங் கொடுக்கிறது, ஆனால் அதை எடுத்துக்கொண்டு வால்வைத் திறக்க யாரும் இல்லை. ஓப்பன் லூப். அதற்குப் பிறகு சில விஷயங்கள் நடந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 2017ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2022 அக்டோபரில் டெலி-மானஸ் உதவி எண் வந்தது. ஆனால் சென்சாரும் பழசாகிவிட்டது. 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை முதல் முறையாக மனநலத்தைப் பற்றி விரிவாகப் பேசியபோதும், காட்டியது அதே 10.6 தான். அந்த எண்ணை எடுத்த சமயத்தில் நான் ஆறாம் வகுப்பு. நடுவில் ஒரு கொரோனாவே வந்து போய்விட்டது. இப்போது நிம்ஹான்ஸ் இரண்டாவது சுற்று சர்வேயைக் கையில் எடுத்திருக்கிறது. அது வரும்வரை நாம் ஃபார்வர்ட் செய்வது பத்து வருஷம் பழைய ரீடிங்.

கடைசியாக, இதைப் படிக்கிற ஸ்டூடன்ட் கவுன்சில் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை காலேஜில் இப்படி ஒரு ஃபார்ம் வந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, ரெஜிஸ்டர் நம்பர் வேண்டாம், மெயில் ஐடியும் பதிவாகக் கூடாது. இரண்டு, தமிழிலும் கேளுங்கள், மொழிபெயர்த்த தமிழில் இல்லை, பேசுகிற தமிழில். மூன்று, முடிவை எங்களுக்கும் காட்டுங்கள், அதை வைத்து என்ன செய்தீர்கள் என்பதோடு சேர்த்து. இதற்கு நிதி வேண்டாம், கமிட்டி வேண்டாம். ஃபார்ம் செட்டிங்ஸில் இரண்டு டிக் எடுத்தால் பாதி வேலை முடிந்தது.

என் நண்பன் பயந்த விஷயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது, அவனுக்கு அன்றைக்கு அது தெரியாது. 2017 சட்டத்தின் 23வது பிரிவுப்படி, சிகிச்சை பற்றிய விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது நோயாளியின் உரிமை. ஏதோ சில விதிவிலக்குகள் தவிர டாக்டர் அதை வெளியே சொல்ல முடியாது. பிளேஸ்மென்ட் செல்லுக்கு அது போகாது.

உங்களுக்கோ உங்கள் பக்கத்து ரூமுக்கோ தேவைப்பட்டால் டெலி-மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். "டிப்ரெஷன்" என்ற வார்த்தை வாயில் வரவில்லை என்றாலும் பரவாயில்லை. "தூக்கம் வரல, யோசனை நிக்க மாட்டேங்குது" என்று ஆரம்பித்தால் போதும்.